வீட்டுக்கே வந்து காட்டுற ஆர்ஓ டெமோ: அம்மாவ ரெண்டு நாள் குழாய்த் தண்ணி குடிக்க விடாம பண்ணிட்டாங்க

போன ஞாயித்துக்கிழம திருச்சில எங்க வீட்டுக்கு வாட்டர் ப்யூரிஃபையர் டெமோ காட்ட ஒரு பையன் வந்தாரு. கம்பெனி பேர் போடல, ஏன்னா இத பல கம்பெனி ஆளுங்க இப்படியேதான் பண்றாங்க.

நான் மாடில துணி காயப்போட்டுட்டு இறங்கி வர்றதுக்குள்ள டைனிங் டேபிள்ல ரெண்டு கண்ணாடி டம்ளர் வச்சிட்டாரு. ஒண்ணுல எங்க கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல அவர் பாட்டில்ல கொண்டு வந்த ஆர்ஓ தண்ணி, அதாவது மெல்லிய சவ்வு வழியா தள்ளி உப்ப வடிகட்டின தண்ணி. கரண்ட்ல சொருகுற ஒரு சின்ன டப்பா, அதுக்குக் கீழ நாலு கம்பி, அத ரெண்டு டம்ளர்லயும் முங்குற மாதிரி வச்சு சுவிட்ச் போட்டாரு. ஒரு நிமிஷம் கூட ஆகல, எங்க தண்ணி பச்சையும் பழுப்புமா மாறி மேல அழுக்கு நுரை கட்டி நிக்குது, அவரு தண்ணி அப்படியே தெளிவா இருக்கு. "இதத்தாம்மா தினம் பேரப்புள்ளைக்கு குடுக்குறீங்க, கிட்னி கல்லு கேன்சர் எல்லாம் இதுலருந்துதான் வருது"ன்னாரு. அம்மா முகம் செத்துப்போச்சு.

எனக்கு ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேசா ஞாபகம் இருந்துச்சு. ஒவ்வொரு டம்ளர்லயும் முங்குற ரெண்டு கம்பில ஒண்ணு இரும்பு, ஒண்ணு அலுமினியம். தண்ணில உப்பு இருந்தா கரண்ட் பாயும், பாஞ்சா இரும்புக் கம்பி கரையும், அந்த இரும்புதான் துருவா மாறி கலர் காட்டுது. ஆர்ஓ தண்ணில உப்பு ரொம்பக் கம்மி, அதனால கரண்ட் சரியா போகாது, கம்பியும் கரையாது. அந்த அழுக்கு தண்ணிக்குள்ள இருந்ததே இல்ல, கம்பிலருந்து வந்தது.

"தம்பி ஒரு நிமிஷம்"னு சொல்லி கல் உப்பு ஒரு சிட்டிகை எடுத்து அவரோட தண்ணில போட்டு கலக்கி திரும்ப சுவிட்ச் போடச் சொன்னேன். தயங்கினாரு, நானே போட்டேன். எங்க தண்ணிய விட மோசமா செங்கல் கலர்ல ஆச்சு. அவரு ஒண்ணும் பேசல, டப்பாவ துடைச்சு பையில வச்சிக்கிட்டாரு. அவர் மேல எனக்குக் கோவம் இல்ல, இப்படித்தான் விக்கணும்னு சொல்லிக் குடுத்தவங்க மேலதான்.

தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர்ல எங்க தண்ணி 310 காட்டுச்சு, அதையும் விஷம் மாதிரிதான் சொன்னாரு. குடிநீருக்கான இந்திய தர நிர்ணயத்துல லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் ஓகே, வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 2000 வரைக்கும் விடுறாங்க. 500க்குக் கீழ இருக்குற இடத்துல ஆர்ஓ மெஷினத் தடை பண்ணணும்னு 2019ல சுற்றுச்சூழல் வழக்கு விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயமே மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. அந்த மீட்டர் கால்சியம், மெக்னீசியம் மாதிரி கரைஞ்ச உப்பத்தான் கணக்கு காட்டும், கிருமி இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. இத ஒரு டெமோலயும் சொல்ல மாட்டாங்க.

மெஷினே மோசம்னு சொல்லல. போர் தண்ணி 1500, 1800னு உப்புக் கரிக்கிற ஏரியால ஆர்ஓ இல்லாம முடியாது. ஆனா ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் கிட்ட வெளிய கொட்டுற மெஷின, கொள்ளிடத்துத் தண்ணி வர்ற வீட்டுக்கு 18,500 ரூபாய்க்கு பயமுறுத்தி விக்கிறது அநியாயம். எதுத்த வீட்டு ஆன்ட்டி அன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துட்டாங்க, அவங்களுக்கும் உப்பு போட்டுக் காட்டலாம்னு போனேன், "கண்ணால பாத்தேன்டி"ன்னு சொல்லி கேக்கவே இல்ல.

அம்மா ரெண்டு நாள் கேன் தண்ணிதான் குடிச்சாங்க, உப்பு போட்டத பக்கத்துல நின்னு பாத்தும். இப்ப காய்ச்சி ஆறவச்சு குடிக்கிறாங்க, கிருமிக்கு அது போதும். குடிநீர் வடிகால் வாரிய லேப்ல ஒரு பாட்டில் குடுத்துட்டு வந்திருக்கேன், ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடுறேன்.

டெமோவுக்கு என் மார்க் அஞ்சுக்கு ஒண்ணு. யாராவது இந்தக் கம்பி டப்பாவோட உங்க வீட்டுக்கு வந்தா மொதல்ல உப்பு டப்பாவ எடுத்து வைங்க.