கூடுதல் கணிதம்: ஜூலை விரைவு வகுப்பா, சனிக்கிழமை டியூஷனா?

மலேசியாவின் பினாங்கில் அனைத்துலகப் பாடத்திட்டம் நடத்தும் தனியார் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை ஜூலையிலும் ஆகஸ்டிலும் வருகிறது. அந்த ஆறேழு வாரத்துக்குள் ஐ.ஜி.சி.எஸ்.இ. (கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியம் நடத்தும் அனைத்துலக இடைநிலைத் தேர்வு) கூடுதல் கணிதத்தை முழுதாக முடித்துத் தரும் விரைவு வகுப்புகள் உண்டு. பத்தாம் ஆண்டை முடித்த பிள்ளைக்கு வேறு இரண்டு வழிகளும் இருக்கின்றன. ஒன்று சனிக்கிழமைதோறும் டியூஷன். மற்றொன்று, பதினோராம் ஆண்டில் பள்ளி நடத்தும் வழக்கமான பாடவேளை. எங்கள் வீட்டில் ஜூலை வகுப்பைத்தான் எடுத்தோம். என் சாய்வும் அந்தப் பக்கமே, ஆனால் ஒரு நிபந்தனையோடு.

தேசியப் பள்ளிகளில் ஐந்தாம் படிவத்து இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2026 முதல் தேசியப் பள்ளிகளின் ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. ஜூலையில் அவர்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருக்கும்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். தீவுக்கு எதிரேயுள்ள பட்டர்வொர்த், பிறைப் பக்கமிருந்து தினமும் பாலம் கடந்து வருபவர்கள் காலை நெரிசலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கட்டணத்தை மொத்தத் தொகையாகப் பார்க்காமல் வகுப்பு மணிகளால் வகுத்துப் பாருங்கள். பெரிய தொகையாகத் தெரிவது சில சமயம் டியூஷனைவிட மலிவாக இருக்கும். தேர்வுக் கட்டணம் எந்த வழியிலும் தனிதான்.

இனி மணிக்கணக்கு. கேம்பிரிட்ஜ் ஒவ்வோர் ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடத்தையும் ஏறத்தாழ 130 மணி நேர வழிகாட்டலுடன் கூடிய கற்றலுக்காக வடிவமைக்கிறது. ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி என்றால் 120 மணி. இது முழுப் பாடம் என்று சொல்லத் தகும். நான்கு வாரம், நாளுக்கு மூன்று மணி என்றால் 60 மணிதான். அது பாதிப் பாடம். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கலாம், அதனால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தஞ்சோங் பூங்காவிலுள்ள டாலாட் போல அமெரிக்கப் பாடத்திட்டம் பின்பற்றும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான். அங்கே ஓர் ஆண்டுப் பாடத்துக்கான ஒரு கிரெடிட்டின் பழைய அளவுகோல் 120 மணி வகுப்பு. வேறு பள்ளியில் விடுமுறையில் எடுத்த கிரெடிட்டைச் சொந்தப் பள்ளி ஏற்குமா என்பதை, வகுப்பில் சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமான பள்ளியாண்டில் ஒரு வாரத்தில் நடப்பது இங்கே ஒரே நாளில் நடந்துவிடுகிறது. விரைவு வகுப்பில் பிள்ளைகள் தடுமாறுவதற்கு முதல் காரணம் இதுவே. விடுமுறை என்றதும் தமிழ்நாட்டுக்கு டிக்கெட் போடுகிறோம், ஆடி மாதக் கோயில் விழாக்கள் வருகின்றன, உறவில் ஒரு கல்யாணம் வருகிறது. மூன்று நாள் போனால் மடக்கை முழுவதும் போய்விடும். அடுத்த வாரம் அடுக்குக்குறிச் சமன்பாடு வரும்போது பிள்ளை கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆறு வாரமும் ஊரில் இருக்க முடியாதென்றால் இந்த வழியை விட்டுவிடுவதே நல்லது.

இரண்டாவது காரணம் இயற்கணிதத்தில் அடித்தளம் பலவீனமாக இருப்பது. சேருமுன் வீட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவது, இயற்கணிதப் பின்னங்களைக் கூட்டுவது, பின்ன அடுக்குகளைச் சுருக்குவது, ஒன்று நேரியலும் மற்றொன்று இருபடியுமான இரு சமன்பாடுகளைத் தீர்ப்பது என 20 கேள்விகள், 45 நிமிடம், கால்குலேட்டர் கிடையாது. 15க்குக் கீழே வந்தால் விரைவு வகுப்பு வேண்டாம். அங்கே பழையதை மீட்டுப் பார்க்க நேரம் தரமாட்டார்கள்.

கால அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். 0606 (ஐ.ஜி.சி.எஸ்.இ. கூடுதல் கணிதத்தின் பாடக் குறியீடு) பாடத்திட்டத்தில் 14 தலைப்புகள் உள்ளன. சார்புகள், இருபடிகள், பல்லுறுப்புக்கோவைகளில் தொடங்கி வெக்டர், நுண்கணிதத்தில் முடிகிறது. வினாத்தாளில் நுண்கணிதத்தின் பங்கு பெரிது. நல்ல அட்டவணையில் அதற்கு எட்டு நாளாவது இருக்கும். முக்கோணவியல் இழுத்துக்கொண்டு போய், நுண்கணிதம் கடைசி நான்கு நாளுக்குள் திணிக்கப்படுவதுதான் அடிக்கடி நடப்பது. வகையிடலை ஐந்தாம் வாரத் தொடக்கத்துக்குள் ஆரம்பிப்பார்களா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

டியூஷன் நிலையத்தில் வாரம் இரண்டு மணி, ஆண்டுக்கு நாற்பது வாரம் என்றால் 80 மணி. மணி குறைவுதான் என்றாலும் அதை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன். வாரக்கணக்கில் பரப்பிப் படித்தது மனத்தில் தங்கும். எனக்கு உறுத்துவது கலப்பு வகுப்பு. எஸ்.பி.எம். பிள்ளைகளையும் ஐ.ஜி.சி.எஸ்.இ. பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் இரண்டு தரப்புக்கும் நேரம் வீணாகிறது. எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் குறியீட்டெண், நிகழ்தகவுப் பரவல், நேரியல் திட்டமிடல் உண்டு. 0606இல் அவை இல்லை. 0606இல் காரணித் தேற்றமும் ஈருறுப்பு விரிவும் உண்டு, எஸ்.பி.எம். பாடத்தில் அப்படி இல்லை. தனி வகுப்பு வைக்கும் நிலையம் கிடைத்து, பிள்ளையும் நிதானமாகக் கற்கும் வகை என்றால் டியூஷனைத் தயங்காமல் எடுக்கலாம்.

பள்ளியின் வழக்கமான பாடவேளை கிடைத்தால் அதுதான் பாதுகாப்பான வழி. ஆனால் பல பள்ளிகளில் கூடுதல் கணிதம் விருப்பப்பாடத் தொகுதியில் வேறொரு பாடத்தோடு மோதும். அந்த மோதலைத் தவிர்க்கத்தான் பெற்றோர் ஜூலையைத் தேடுகிறார்கள்.

இப்போது அந்த நிபந்தனை. விரைவு வகுப்பின் பலன், வகுப்பு முடிந்த பிறகு வரும் வாரங்களில்தான் முடிவாகிறது. மறதி தொடக்கத்தில் வேகமாக இறங்கிப் பிறகு மெதுவாகும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885லேயே அளந்து காட்டினார். ஆறு வாரத்தில் ஏறியது, தொடாமல் விட்டால் அடுத்த ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தேர்வு எப்போது? ஆகஸ்டு நடுவில் வகுப்பு முடிந்து அக்டோபர்/நவம்பர் தேர்வு அமர்வில் எழுதினால் இடைவெளி எட்டிலிருந்து பத்து வாரம். அடுத்த மே/ஜூன் என்றால் ஒன்பது மாதம். ஒன்பது மாதம் காத்திருப்பதானால் விரைவு வகுப்பின் லாபம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது, அப்போது டியூஷனே மேல். அக்டோபரில் எழுதுவதென்றால் மட்டுமே ஜூலை வகுப்பு வெல்கிறது. முடிவு ஜனவரியில் வரும். கிரேடு பிடிக்காவிட்டால் மே/ஜூனில் மறுபடி எழுதலாம். பிடித்திருந்தால் மற்ற பாடங்களுக்கு முழு நேரமும் கிடைக்கும்.

அந்த எட்டு வாரத்துக்கு ஒரு பராமரிப்புத் திட்டம் வேண்டும். முதல் மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை, தலைப்பு கலந்த 12 கேள்விகள். தலைப்பு வாரியான பயிற்சிப் புத்தகம் இங்கே உதவாது. எந்த முறையைப் பயன்படுத்துவது என்று தலைப்பே சொல்லிவிடுவதால் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வராது. நான்காம் வாரத்திலிருந்து வாரம் ஒரு முழுத்தாள், கடிகாரம் வைத்து. இரண்டு தாளும் தலா இரண்டு மணி நேரம், தலா 80 மதிப்பெண். 2025 முதல் முதல் தாளில் கால்குலேட்டர் கிடையாது. இதைக் கவனிக்காமல் பழைய தாள்களை அடுக்கிவைத்துப் பயிற்சி செய்வது இப்போது பரவலாக நடக்கும் பிழை. 2024 வரையிலான தாள்கள் கால்குலேட்டருக்காக எழுதப்பட்டவை, அவற்றை இரண்டாம் தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாளுக்கு மாதிரித்தாளும் 2025க்குப் பிந்தைய தாள்களும் மட்டுமே. அவை எண்ணிக்கையில் குறைவு, ஆகவே முதல் மூன்று வாரத்தில் அவற்றைத் தொடவேண்டாம்.

தவறுகளை ஒரு நோட்டில் மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: கருத்து புரியாதது, இயற்கணிதம் சறுக்கியது, கேள்வியைத் தப்பாக வாசித்தது. முதல் வகைக்கு ஆசிரியர் வேண்டும், இரண்டாவதற்குப் பயிற்சி வேண்டும், மூன்றாவதற்குக் கேள்வியில் அடிக்கோடிடும் பழக்கம் போதும். மூன்றையும் ஒன்றாகக் கலந்து ‘இன்னும் படி’ என்று சொல்லிப் பயனில்லை.

முதலில் மறப்பவை எவை என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான். முக்கோணவியல் சமன்பாட்டில் கொடுத்த எல்லைக்குள் இருக்கும் எல்லாத் தீர்வுகளையும் எடுக்காமல் ஒன்றோடு நிறுத்திவிடுவது, கால்குலேட்டரை ரேடியனுக்கு மாற்ற மறப்பது, வரிசை முக்கியமா இல்லையா என்று பார்க்காமல் வரிசைமாற்றமா சேர்மானமா எனக் குழம்புவது, சங்கிலி விதியில் உள்சார்பின் வகையீட்டைப் பெருக்காமல் விடுவது, தொகையிடலில் மாறிலியை எழுதாதது. இருபடியும் நேர்கோடும் மற்ற கணக்குகளுக்குள் திரும்பத் திரும்ப வருவதால் தாமாகவே நினைவில் இருக்கும். அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

வகுப்பு நடத்தும் பள்ளியே இந்த எட்டு வாரத்துக்கு வாரம் இரண்டு மணி தொடர்வகுப்பு தருமா என்று கேளுங்கள். அது சேர்ந்த பொதி என்றால் கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம். தராவிட்டால், சனிக்கிழமை டியூஷனை அந்த எட்டு வாரத்துக்கு மட்டும் ஆள் வைத்து எடுப்பதும் சரியான வழியே.

தேர்வுப் பதிவு விஷயத்தில் கவனமாக இருங்கள். பள்ளியின் உள் கடைசித் தேதி வாரியத்தின் தேதிக்கு முன்னால் வரும், அதுவும் விடுமுறைக்குள்ளேயே விழலாம். வகுப்பில் சேரும் நாளிலேயே அக்டோபர் பதிவையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அமர்வு நம் தீபாவளியை ஒட்டி வரும், 2026இல் தீபாவளி நவம்பர் 8. உள்ளூர் விடுமுறைக்காகத் தேர்வுத் தேதி நகராது. வீட்டு வேலைகளைத் தேர்வு அட்டவணை பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மற்ற பாடங்களுக்கு இதே அறிவுரையை நீட்டமாட்டேன். வேதியியலில் செய்முறை சார்ந்த தாளுக்கு 20 விழுக்காடு மதிப்பு. ஆய்வகத்தில் கைவைக்காமல் ஆறு வாரத்தில் ஓடும் வகுப்பு அந்தப் பகுதியைப் பலவீனமாக விட்டுவிடும். ஆங்கிலத்தை விரைவு வகுப்பில் ஏற்ற முடியாது, வாசிப்பும் எழுத்தும் மாதக்கணக்கில்தான் தேறும். சொந்த வேகத்தில் படிக்கும் இணையவழி வகுப்புகளில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. பார்த்த அளவில், தினமும் ஒரே நேரத்தில் உட்காரவைக்க வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் இரண்டாம் வாரத்திலேயே பின்தங்கிவிடுகிறது.