ஆப்பிரிக்காவின் ரயில் சந்தை: யாரிடம் வாங்கினால் வண்டி ஓடும்?

ஆப்பிரிக்காவில் அடுத்த பத்தாண்டுகளில் ரயில் இன்ஜின்களும் பெட்டிகளும் நிறைய விற்கும். சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு எல்லாத் தாதுவையும் லாரியில் ஏற்றிக் கட்டுப்படியாகாது. யாரிடம் வாங்குவது என்பதில்தான் போட்டி. சீனா, ஐரோப்பா, தென்கொரியா, இந்தியா என்று நாலு பக்கமும் ஆள் நிற்கிறது. என்னைக் கேட்டால், விலையைப் பார்க்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: ஐந்து வருடம் கழித்து ஒரு உதிரிப் பாகம் தேவைப்பட்டால் யார், எங்கிருந்து, எத்தனை நாளில் தருவார்கள்?

இந்தக் கேள்வியின் கனம் தெரிய தென்னாப்பிரிக்காவைப் பார்த்தால் போதும். அங்கே சரக்கு ரயிலை நடத்துவது டிரான்ஸ்நெட், பயணிகள் ரயிலை நடத்துவது பிராசா. இரண்டும் அரசு நிறுவனங்கள். ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டும் பெரிய அளவில் வாங்கின.

டிரான்ஸ்நெட் 2014-இல் 1,064 இன்ஜின்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 3,860 கோடி ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) என்று சொல்லப்பட்ட செலவு 5,400 கோடிக்கு ஏறியது. ஆர்டரில் 591 இன்ஜின்கள் இரண்டு சீன நிறுவனங்களுக்குப் போயின. அடுத்த வருடமே அவை இணைந்து சிஆர்ஆர்சி என்ற ஒரே நிறுவனமாகிவிட்டன. பிறகு ஊழல் விசாரணை வந்தது, தென்னாப்பிரிக்க வரித்துறை சிஆர்ஆர்சியின் வங்கிக் கணக்குகளை முடக்கியது, உதிரிப் பாக வரத்து நின்றது. ஓட வேண்டிய இன்ஜின்கள் நூற்றுக்கணக்கில் ஷெட்டில் நின்றன. 2017-18-இல் ஏறத்தாழ 22.6 கோடி டன் சரக்கு ஏற்றிய நிறுவனம், 2022-23-இல் 15 கோடி டன்னுக்கு இறங்கியது. செம்புக் கம்பித் திருட்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் இன்ஜின் கையில் இருந்தும் ஓட்ட முடியாமல் போனதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த இன்ஜின்களில் குறை என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் பாகம் எப்படி வரும் என்று யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

பிராசா வேறு வழியில் போனது. பிரெஞ்சு நிறுவனமான அல்ஸ்டாம் தலைமையிலான கிபெலா கூட்டு நிறுவனத்துடன் 2013-இல் 5,100 கோடி ராண்டுக்கு ஒப்பந்தம்: 600 ரயில்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பெட்டிகள். முதல் 20 மட்டும் பிரேசிலில் கட்டப்பட்டு வந்தன. மீதிக்காக ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே டன்னோட்டரில் ஆலையே எழும்பி 2018-இல் திறக்கப்பட்டது. பாகங்களில் பெரும்பகுதியை உள்நாட்டிலேயே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. குறை இல்லாமல் இல்லை. டெலிவரி அட்டவணை தள்ளிப் போனது. கொரோனா ஊரடங்கில் தண்டவாளம், கம்பி, ஸ்டேஷன் கூரை வரை களவு போனதால் புது ரயில் ஓடப் பாதையே இல்லாத நிலையும் வந்தது. இருந்தும் ஆலையும் பழகிய தொழிலாளிகளும் அங்கேயே இருக்கிறார்கள். இதே பிராசா ஸ்பெயினில் கட்டிய டீசல் இன்ஜின்களையும் வாங்கி, அவை அந்தப் பாதைக்கு உயரம் அதிகம் என்று சர்ச்சையாகி, 13 வந்து சேர்ந்த நிலையில் 2017-இல் நீதிமன்றம் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. ஆகவே நிறுவனம் ஒன்றாக இருந்தாலும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பலன் மாறும்.

கிழக்கே கென்யாவும் டான்சானியாவும். 2017-இல் திறந்த மொம்பாசா–நைரோபி பாதையில் கடன், தண்டவாளம், 56 டீசல் இன்ஜின்கள், ஆரம்பகால இயக்கம் எல்லாமே சீனாவிலிருந்து. வேலை சீக்கிரம் முடிந்தது, அது நிஜமான லாபம். ஆனால் பேரம் பேச இன்னொரு ஆள் இல்லாமல் போனது. டான்சானியா பிரித்து வாங்கியது: தாருஸ்ஸலாம்–டோடோமா பாதை துருக்கியின் யாப்பி மெர்கேஸி, மின்சார இன்ஜின்களும், தனி இன்ஜின் இல்லாமல் ஓடும் மின்சார ரயில் தொடர்களும் கொரியாவின் ஹூண்டாய் ரோட்டெம், சரக்குப் பெட்டிகள் சீனா. 2024-இல் ஓடத் தொடங்கிய வண்டி மணிக்கு 160 கி.மீ. வரை போகும். மின்சாரம் போனால் வண்டி நிற்கும் என்ற பயம் நியாயமானது. ஆனால் 2,115 மெகாவாட் ஜூலியஸ் நைரேரே நீர்மின் நிலையம் அதே காலத்தில் வந்திருக்கும்போது, டீசலை இறக்குமதி செய்து எரிப்பதைவிட இதுவே சரி. என் ஓட்டு டான்சானியாவுக்கு.

மொராக்கோ 2025-இல் 168 ரயில்களை அல்ஸ்டாம், ஸ்பெயினின் சிஏஎஃப், ஹூண்டாய் ரோட்டெம் மூவருக்கும் பிரித்துக் கொடுத்தது. விலையில் பேரம் படியும். அப்புறம் மூன்று விதப் பாகங்களை ஸ்டோரில் வைத்துக் காக்க வேண்டும்.

இந்தியாவின் இடம் சிறியது, ஆனால் வளரக்கூடியது. பீகாரின் மர்ஹௌராவில் அமெரிக்க நிறுவனமான வாப்டெக் கட்டும் இன்ஜின்கள் மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியின் சிமாண்டு இரும்புத்தாதுப் பாதைக்குப் போகின்றன. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் பெரும்பாலும் தண்டவாள இடைவெளி 1,067 மி.மீ. உள்ள பாதை, நம் மீட்டர்கேஜைவிடக் கொஞ்சம் அகலம். அதற்கான டீசல் இன்ஜின்களை வாரணாசி ஆலை மொசாம்பிக்குக்குக் கட்டி அனுப்பியிருக்கிறது.

அடுத்த பெரிய வாய்ப்பும் அந்தப் பாதையில்தான். 2025 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கா 11 தனியார் நிறுவனங்களை டிரான்ஸ்நெட் பாதையில் சரக்கு ரயில் ஓட்டத் தேர்ந்தெடுத்தது. ஆயிரம் இன்ஜினுக்கு மொத்த ஆர்டர் கொடுக்கும் வசதி இவர்களுக்கு இருக்காது. பத்து, இருபது என்று வாங்குவார்கள், இல்லாவிட்டால் வாடகைக்கு எடுப்பார்கள். நின்ற இன்ஜினுக்கும் தவணை கட்ட வேண்டியிருப்பதால் பராமரிப்பைத்தான் முதலில் விசாரிப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ மொசாம்பிக்கின் மாபூட்டோவிலோ பாகக் கிடங்கும் நாலு மெக்கானிக்கும் வைத்திருக்கும் கம்பெனிக்கு, அது எந்த நாட்டுக் கம்பெனியானாலும், அந்த ஆர்டர்கள் போகும் என்பது என் கணிப்பு.