பழைய காருக்குப் பெல்ட் ஃபேனா, எலக்ட்ரிக் ஃபேனா?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பழைய அம்பாசிடரையும் பிரீமியர் பத்மினியையும் விடாமல் ஓட்டுகிறவர்கள் பங்குனி வெயில் ஏறியதும் கேட்கும் கேள்வி இது. ரேடியேட்டருக்குக் காற்று தரும் ஃபேனை இன்ஜினின் பெல்ட் சுற்றுவது நல்லதா, மின்மோட்டார் சுற்றுவது நல்லதா என்பதுதான் விஷயம். எதில் குளிர்ச்சி அதிகம் என்றே பெரும்பாலும் பேசுகிறார்கள். கோளாறு வந்தால் எதில் சீக்கிரம் பிடிபடும் என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில், குறை ஃபேனில்தானா? அவிநாசி சாலை சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனைச் சந்தேகிக்கலாம். சேலம் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதே ஏறினால் ஃபேனைத் தொட வேண்டாம். அந்த வேகத்தில் எதிர்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். வருடக்கணக்கில் போர்வெல் உப்புத் தண்ணீர் குடித்த ரேடியேட்டருக்கு எந்த ஃபேன் போட்டும் பயனில்லை.

பெல்ட் ஃபேனில் சுவிட்சும் இல்லை, ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) இல்லை. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, இறக்கை உடைந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதுதான் அதன் பலவீனம். அதனால்தான் காந்திபுரம் நெரிசலில் திணறும் அதே வண்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு இரண்டாம் கியரில் ஏறும்போது தாக்குப்பிடிக்கிறது: இன்ஜின் வேகமாகச் சுற்ற, ஃபேனும் சேர்ந்து சுற்றுகிறது.

எலக்ட்ரிக் ஃபேன் நின்ற இடத்திலும் முழு வேகத்தில் சுற்றும். ஆனால் ஃபியூஸ், ரிலே, தெர்மோ சுவிட்ச் (குறிப்பிட்ட சூட்டில் இணைந்து ஃபேனை ஓடவைப்பது), மோட்டார், எர்த் (வண்டியின் பாடி வழியான இணைப்பு) என்று ஐந்து இடங்களில் அது கைவிடலாம். சந்தேகம் வந்தால், சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, தெர்மோ சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணையுங்கள். ஒற்றை ஒயர் என்றால் பாடியில் எர்த் கொடுங்கள். கை ஃபேன் பக்கம் போகவே கூடாது. ஃபேன் சுற்றினால் மோட்டாரும் ரிலேயும் நலம். குறை சுவிட்சில், அல்லது தண்ணீர் குறைந்து சுவிட்ச் காற்றில் நிற்கிறது. சுற்றாவிட்டால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுங்கள். இப்போது சுற்றினால் ஃபியூஸ், ரிலே, எர்த்தைத் தேடுங்கள். இல்லையென்றால் மோட்டார் போய்விட்டது. புதிதாகப் பொருத்திய ஃபேனில் ஒயர் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தால், முன்பக்கம் பிடித்த காகிதம் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சுவிட்சைக் கழற்றி வெந்நீரில் சோதிக்கிறவர்கள் அதில் பொறித்திருக்கும் டிகிரியைப் படித்துவிட்டு அடுப்பேற்றுங்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். 95 டிகிரி சுவிட்ச் அங்கே இணையவே இணையாது. நல்ல சுவிட்சைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள். வண்டிக்குள்ளும் இதே கதைதான். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால், மலைமேல் ஃபேன் ஓடத் தொடங்கும் முன்பே தண்ணீர் கொதிக்கும். எலக்ட்ரிக் ஃபேனோடு மலைக்குப் போகிறவர்கள் 88 டிகிரிக்குள் இணையும் சுவிட்சைப் போடுவதே நல்லது.

மீட்டருக்கான சென்சார் வேறு, ஃபேனுக்கான சுவிட்ச் வேறு. ஒன்று கெட்டதற்கு இன்னொன்றை மாற்றிப் பணத்தை விரயமாக்குகிறார்கள். ஒற்றை ஒயர் சென்சாரைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் முள் குளிர்ப்பக்கம் விழும். அந்த ஒயரை ஒரு கணம் எர்த்தில் தொட்டால் சூட்டுப்பக்கம் ஏறும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் சரி, சென்சாரைத்தான் மாற்ற வேண்டும். மரையில் டெஃப்ளான் டேப் தாராளமாகச் சுற்றியிருந்தால் எர்த் கெட்டு, மீட்டர் குறைத்துக் காட்டும்.

பேட்டரியை சார்ஜ் செய்ய டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு முந்தைய பழைய ஜெனரேட்டர்) உள்ள வண்டிக்கு எலக்ட்ரிக் ஃபேனை நான் சொல்லவே மாட்டேன். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ ஏறக்குறைய சார்ஜே செய்யாது. சிக்னலில் ஃபேன் ஓடும் நேரமெல்லாம் பேட்டரிதான் கரையும். ஆல்டர்னேட்டர் இருந்து, வண்டி நகருக்குள்ளேயே சுற்றுவதாக இருந்தால் மாறிக்கொள்ளலாம். டாஷ்போர்டில் கையால் போடும் சுவிட்ச் ஒன்றையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். வால்பாறை, ஏற்காடு என்று மலையேறும் வண்டிக்குப் பெல்ட் ஃபேனே இருக்கட்டும். அந்தச் செலவில் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது மூடி போட்டு, உப்புத் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள்.