கறல் பிடிக்கும் ஊரில் ஏழு வருசம்: என் கேடீபி பளிங்கு

திருகோணமலையில் கடலோரத்து வீடு எனக்கு. ஆணி, பூட்டு, பிணைச்சல் எல்லாவற்றிலும் கறல் ஏறும். உயர்தரப் பௌதிகவியல் வகுப்புக்காக, கழற்றிப் பூட்டக்கூடிய பச்சை லேசர்த் தொகுதி ஒன்றை ஏழு வருசத்துக்கு முன் வாங்கினேன். அதில் அரிசிமணி அளவில் இருக்கும் கேடீபி (KTP), அதாவது பொற்றாசியம் தைத்தனைல் பொஸ்பேற்றுப் பளிங்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

808 நனோமீற்றர் டயோட்டு ஒளி, நியோடிமியம் கலந்த இன்னொரு பளிங்கைத் தூண்ட, அது 1064 இல் ஒளிரும். அதுவும் கண்ணுக்குத் தெரியாது. கேடீபிக்குள் அதன் மீடிறன் இரட்டித்து, அலைநீளம் பாதியாகி 532 ஆக, நல்ல பச்சையாக வெளியே வரும். கேடீபி ஒரு பெரோமின் (ferroelectric) பளிங்கு. அந்தப் பெயரைக் கேட்டால் பிள்ளைகள் இரும்பைத் தேடுவார்கள். இதில் இரும்பே இல்லை. வெளியே மின்புலம் இல்லாவிட்டாலும் உள்ளே நேர், மறை ஏற்ற மையங்கள் விலகி நிற்கும். மின்புலம் கொடுத்து அந்தத் திசையைப் புரட்டவும் முடியும். இரட்டிப்புக்குத் தேவையானது அந்தச் சமச்சீரின்மைதான். 1961 இல் முதன்முதலாக இரட்டிப்பைக் காட்டிய குவார்ட்சு பெரோமின் அல்ல, ஆனால் சமச்சீரற்றது. விளைவு மிக மங்கல். கேடீபி அதைவிடப் பல மடங்கு வலிமையானது.

எனக்கு மிகப் பிடித்தது, பளிங்கை ஒளிக்கதிரை அச்சாக வைத்து மெல்லத் திருப்புவது. 45 பாகையில் பச்சை அணைந்துவிடும், இன்னொரு 45 இல் திரும்பி வரும். முனைவாக்கத்தை, அதாவது ஒளியலை அதிரும் திசையை, பலகையில் எத்தனை தரம் வரைந்தாலும் வராத விளக்கம் அந்த ஒரு திருப்பலில் வந்துவிடும்.

முன்பு கேடீபி அல்ல, கேடிபி (KDP) எனும் பொற்றாசியம் இருஐதரசன் பொஸ்பேற்றுத் துண்டு ஒன்றும் வைத்திருந்தேன். அது நீரில் கரையும் சாதி. மாரி காலத்தில், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள்ளேயே முகம் பனித்துப்போனது. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் வாங்கும்போது முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். என் தைத்தனைல் பளிங்கோ ஈரத்தை உறிஞ்சவே இல்லை. அதைப் பிடித்திருந்த அலுமினியத் தாங்கி வெள்ளைப் பொடி பூத்தது, திருகாணிகள் கறல் பிடித்தன, இரண்டையும் மாற்றினேன்.

சூடான கச்சான் காற்று அடிக்கும் மத்தியானங்களில் பச்சை மங்கும். பளிங்கைக் குறை சொல்லாதீர்கள்: சூட்டில் டயோட்டின் அலைநீளம் 808 ஐ விட்டு நகர்கிறது. டயோட்டின் அடியில் தடித்த செப்புத் தகடு வைத்ததும் பெரும்பாலும் சரியானது.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். எனக்கு வந்த தொகுதியில் அகச்சிவப்பு வடிகட்டி இருக்கவில்லை. பச்சையோடு சேர்ந்து 808, 1064 இரண்டும் வெளியே கசியும். கண் சிமிட்டவும் தோன்றாது, விழித்திரை கருகிவிடும். வடிகட்டி பூட்டிய பிறகுதான் பிள்ளைகளை அருகில் விட்டேன்.