லாங் கோவிட்டுக்கு ‘ரூட் காஸ்’ பேக்கேஜ்: பணம் கட்டும் முன் படியுங்கள்

2021 இரண்டாம் அலையில் கோவிட் வந்து போனதிலிருந்து என் அக்காவுக்கு உடம்பு பழையபடி ஆகவில்லை. இப்படிக் கோவிட்டுக்குப் பிறகும் தொல்லை நீடிப்பதைத்தான் லாங் கோவிட் என்கிறார்கள். பள்ளி ஆசிரியை. ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக நடமாடினால் மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியாது. போன இடமெல்லாம் “ரிப்போர்ட் எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைங்கம்மா” என்றே அனுப்பினார்கள். நொந்துபோய்த்தான் அண்ணா நகர் பக்கம் ஒரு ஃபங்ஷனல் மெடிசின் கிளினிக்குக்குப் போனோம். நோயின் ‘ரூட் காஸ்’, அதாவது அடிப்படைக் காரணத்தையே கண்டுபிடிப்பதாகச் சொல்லும் வகை அது.

முதல் நாள் பொறுமையாக உட்கார்ந்து கேட்டார்கள். அக்கா அழுதேவிட்டாள். அப்படிக் கேட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அதைக் காட்டி விற்றதைத்தான் சொல்கிறேன். ஆறு மாத பேக்கேஜ், 1,60,000 ரூபாய், மொத்தமும் முன்பணம்.

முதலில் ஐஜிஜி உணவுச் சோதனை. அரிசி, உளுந்து, பால், தேங்காய் எல்லாம் ‘ஆகாது’ என்று சிவப்பில் வந்தது. நம் வீட்டில் இவற்றை எடுத்துவிட்டால் தட்டில் என்ன மிஞ்சும்? இட்லியும் இல்லை, தயிர்சாதமும் இல்லை. ஏற்கெனவே இளைத்திருந்தவள் இன்னும் இளைத்தாள். உண்மையில் ஐஜிஜி என்பது நாம் வழக்கமாகச் சாப்பிடுவதற்கு உடம்பு இயல்பாகவே உண்டாக்கும் புரதம். தினமும் சாப்பிடுவதுதான் அதில் தெரியும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இந்தச் சோதனை வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008லேயே சொல்லிவிட்டது.

அடுத்து ‘அட்ரினல் ஃபடீக்’, அதாவது அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது என்றார்கள். அப்படி ஒரு நோயே இல்லை என்பது ஹார்மோன் மருத்துவர்களின் நிலைப்பாடு. அதற்கென்று பை நிறைய சப்ளிமென்ட் பாட்டில்கள், கிளினிக் கவுன்டரிலேயே வாங்க வேண்டும். லேபிளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று இருந்தது. சப்ளிமென்ட்டுகளில் சட்டப்படி போட வேண்டிய வாசகம் அது. ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டில்களில் வைட்டமின் டி. அது அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்.

எனக்கு இன்னும் ஆறாதது உடற்பயிற்சி விஷயம்தான். வாரா வாரம் நடையைக் கூட்டச் சொன்னார்கள். அவள் படுக்கையில் விழுந்த ஒவ்வொரு முறையும் “நச்சு வெளியேறுது” என்றார்கள். சிரமத்துக்குப் பின் உடம்பு சரிவது நாள்பட்ட அசதி நோயின் (ME/CFS) முக்கிய அடையாளம்; லாங் கோவிட்டிலும் பலருக்கு இதே சரிவு வரும். அந்த அசதி நோய்க்கு இப்படிப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி வேண்டாம் என்று, சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021 அக்டோபரில் வழிகாட்டியையே மாற்றியது. அதற்கு அப்புறமும் இங்கே அதைக் காசு வாங்கிக்கொண்டு செய்கிறார்கள்.

கடைசியில் ஒரு பொது மருத்துவர் அக்காவைப் படுக்கவைத்து நாடி பார்த்தார், பிறகு பத்து நிமிடம் நிற்கவைத்துப் பார்த்தார். துடிப்பு நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடியது. பாட்ஸ் (POTS) என்றார், எழுந்து நின்றால் நாடித்துடிப்பு அளவுக்கு மீறிக் கூடும் கோளாறு. லாங் கோவிட்டில் இது அடிக்கடி வருமாம். தைராய்டு, ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தின் அளவு), பி12, காலை கார்ட்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) பார்த்தார். தண்ணீரும் உப்பும் கூட்டினார், காலுக்கு இறுக்கமான சாக்ஸ் கொடுத்தார், வேலையைப் பகுத்து இடையிடையே ஓய்வெடுக்கச் சொன்னார். முழுக்கக் குணமாகும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அக்கா இப்போது அரை நாள் வகுப்பெடுக்கிறாள்.

கிளினிக்கில் மீதிப் பணத்தைக் கேட்டோம், தர மறுக்கிறார்கள். பணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ரசீது, ரிப்போர்ட், வாட்ஸ்அப் உரையாடல், பாட்டில் லேபிள் எதையும் தூக்கிப்போடாதீர்கள். 1915 நுகர்வோர் உதவி எண், அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். எழுதிக்கொடுத்தது பதிவு பெற்ற மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம்.