பெரிய கப்பலில் குடும்பத்தோடு: பல வருட அனுபவம்

மூன்று தலைமுறையும் சேர்ந்து போகிற சுற்றுலாவில் பாதிச் சண்டை "அடுத்து எங்கே போகலாம்" என்பதில்தான் வரும். பிள்ளைகளுக்குத் தண்ணீர்ச் சறுக்கு வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலிக்காமல் உட்கார இடம் வேண்டும், எங்கள் இருவருக்கும் ஒரு மணி நேரமாவது யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். பெரிய கப்பலில் இந்தச் சண்டைக்கே வேலை இல்லை. காலையில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகலாம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரே மேசைக்கு வந்து சேரலாம். பெட்டியைப் பிரித்து அடுக்குவது ஒரே தடவை; தூங்கி எழுந்தால் அடுத்த ஊர் வந்திருக்கும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது தொடங்கி, அவர்கள் என்னைவிட உயரமாகிவிட்ட இன்றுவரை, நாங்கள் திரும்பத் திரும்ப க்ரூஸுக்கு, அதாவது கப்பல் சுற்றுலாவுக்கு, போவது இதற்காகத்தான்.

பெரியது என்றால் எவ்வளவு பெரியது? 2024 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலின் நீளம் ஏறத்தாழ 365 மீட்டர், 20 தளங்கள். அதன் அளவு 2,48,663 டன். டைட்டானிக் சுமார் 46,000 டன்தான். இந்த டன் எடைக் கணக்கு இல்லை, கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் கணக்கு. முழுக்க நிரம்பினால் 7,600 பயணிகள், அவர்களுக்கு 2,350 ஊழியர்கள். இதைக் கேட்டதும் "அவ்வளவு கூட்டத்தில் என்ன ஓய்வு" என்று பலர் கேட்கிறார்கள். கூட்டம் உறைப்பது சில இடங்களில் மட்டும்தான்: லிஃப்ட் வாசல், நாள் முழுக்கக் கடலிலேயே போகிற அன்று காலை பஃபே, நீச்சல் குளத்தங்கரை நாற்காலிகள். மற்ற நேரத்தில் ஆட்கள் எங்கே போனார்கள் என்றே தெரியாது.

கப்பலைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கேபினைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம் என்பேன். முன்பதிவு செய்யும்போது ஒவ்வொரு தளத்தின் வரைபடமும் கிடைக்கும். அதில் நம் கேபினை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பார்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் நிம்மதி. ஒரு பயணத்தில் எங்களுக்குக் கிடைத்தது நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழ் அறை. விடிவதற்கு முன்பே மேலே நாற்காலிகளை இழுத்துப்போட்டுத் தளத்தைக் கழுவுவார்கள். இரும்புக் கூரை வழியாக அந்த "கர்ர்" சத்தம் தலைமாட்டிலேயே கேட்கும். வரவேற்பில் சொல்லிப் பார்த்தோம், கப்பல் நிறைந்துவிட்டது, வேறு அறை இல்லை என்றார்கள். அந்தப் பயணம் முழுக்க அம்மா சரியாகத் தூங்கவில்லை. வயதானவருக்குத் தூக்கம் போனால் மறுநாள் எதிலும் மனசு ஒட்டாது. எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

கடலில் கப்பல் ஆடுவதற்கும் கேபின்தான் கணக்கு. பெரிய கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி நீளும் ஸ்டெபிலைசர்கள் உண்டு. பக்கவாட்டில் சாய்ந்தாடுவதை அவை நன்றாகவே குறைக்கும். ஆனால் முன்பக்கம் தூக்கி இறங்குகிற ஆட்டத்தை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் எடுத்தால் ஆட்டம் குறைவு. தலைசுற்றல் வருகிறவர்கள் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. முன்கூட்டியே போட வேண்டும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் எது ஒத்துக்கொள்ளும் என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜன்னல் இல்லாத உள்கேபின் மலிவு, கும்மிருட்டு. சின்னப் பிள்ளைகள் அதில் அடித்துப்போட்டது மாதிரித் தூங்குவார்கள். ஒரு சின்ன இரவு விளக்கு மட்டும் கொண்டுபோனால் போதும். பெரும்பாலும் கேபின் சுவர் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் நன்றாக ஒட்டும். ஈரத் துணி, தொப்பி, பை எல்லாம் அதில் தொங்கவிடலாம். இஸ்திரிப் பெட்டியும், சர்ஜ் பாதுகாப்பு (மின்சாரம் திடீரென எகிறினால் காப்பது) உள்ள எக்ஸ்டென்ஷன் பலகையும் சோதனையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

பிள்ளைகள் விஷயம் வயதுக்கு வயது மாறும். கைக்குழந்தை என்றால் பல நிறுவனங்களில் ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு ஒரு வயது. பிள்ளைகளை விளையாட வைத்துப் பார்த்துக்கொள்ளும் கிட்ஸ் கிளப்பில் பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து, அதுவும் டயப்பர் விட்டவர்களைத்தான் சேர்ப்பார்கள். டயப்பர் போடும் குழந்தையை, அது நீச்சல் டயப்பராகவே இருந்தாலும், பல கப்பல்களில் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். தனியாகத் தண்ணீர் தெளிக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். குளத்தங்கரையில் உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் இருப்பதில்லை. இருந்தாலும் நம் கண் பிள்ளைமேல்தான் இருக்க வேண்டும். பதின்ம வயதில் கிளப் எல்லாம் கசந்துவிடும். அப்போது அவர்களுக்குக் கப்பலே சொந்தம். நடுக்கடலில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் தானாகப் போய் ஒட்டிக்கொண்டால் ரோமிங் கட்டணம் தீட்டிவிடும். ஏறியவுடன் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, எத்தனை மணிக்கு எந்த இடத்தில் சந்திப்பது என்று வாய்ப்பேச்சாகவே முடிவு செய்துகொள்வது எங்கள் வழக்கம்.

ஏறிய அன்று செய்யச் சொல்லும் பாதுகாப்புப் பயிற்சியைப் பலர் தொல்லையாக நினைக்கிறார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற க்ரூஸ் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அன்றைய விதி இருந்தது. அதன் பிறகு, கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். இப்போது பல கப்பல்களில் வீடியோ பார்த்துவிட்டு ஆபத்து நேரத்தில் நாம் வந்து சேர வேண்டிய கூடுமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பதிவு செய்தால் போதும். நாங்கள் கேபினிலிருந்து அந்த இடத்துக்கு மாடிப்படி வழியாகவே பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போவோம். ஆபத்து நேரத்தில் லிஃப்டில் ஏறக் கூடாது. சின்னப் பிள்ளைகளின் கையில் கூடுமிட எண் போட்ட பட்டை கட்டுவார்கள். குளிக்கும்போதுகூட அதைக் கழற்ற விடாதீர்கள்.

கை கழுவுவதைச் சொல்லாமல் விட முடியாது. கப்பலில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் பரவுவதற்குப் பெரும்பாலும் நோரோவைரஸ்தான் காரணம். வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் அதற்குப் பெரிதாக உதவாது, சோப்பும் தண்ணீரும்தான் வழி. பெரிய பெட்டிகள் கேபினுக்கு வந்துசேரச் சாயங்காலம்கூட ஆகலாம், ஆகவே மாத்திரைகளும் நீச்சல் உடையும் கைப்பையில் இருக்கட்டும். கப்பலில் டாக்டர் உண்டு, கட்டணமும் உண்டு. அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் பெரியவர்களை அழைத்துப்போகாதீர்கள்.

பணக் கணக்கு சுருக்கமாக: டிக்கெட் விலை முழு விலை அல்ல. டிப்ஸ் பெரும்பாலும் நாள்தோறும் கணக்கில் தானாக ஏறும். குளிர்பானம், வைஃபை, சிறப்பு உணவகம், கரைச் சுற்றுலா எல்லாம் தனி. கப்பலில் பணத்துக்குப் பதிலாக ஆளுக்கொன்று தரும் கார்டுகளில், பிள்ளைகளின் கார்டில் செலவு செய்ய முடியாதபடி முதல் நாளே பூட்டிவிடலாம்.

துறைமுகத்தில் இறங்கும் நாள்களில் கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறாக இருக்கலாம். நாமாக ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தால் கப்பல் காத்திருக்காது. சில ஊர்களில் கப்பல் கரையை ஒட்ட முடியாமல் தள்ளி நிற்கும். சின்னப் படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். ஆடுகிற படகில் கால் எடுத்து வைப்பது அம்மாவால் முடியாது, அவர் கப்பலிலேயே இருந்துவிடுவார். அதில் ஒரு நஷ்டமும் இல்லை, ஊருக்குப் போகாதவர்களுக்கு அன்று கப்பலே காலி.

அப்படி ஒரு நாள் அம்மாவோடு நானும் பால்கனியில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் கப்பல் கிளம்பி வெளியே வந்ததும் ஒரு சின்னப் படகு எங்கள் பக்கத்தில் ஒட்டி ஓடிவந்தது. நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவு திறந்து, கயிற்றேணி தொங்கியது. கப்பலுக்கு வழிகாட்டி வெளியே கொண்டுவந்துவிட்ட துறைமுகத்தின் பைலட் ஒவ்வொரு படியாக இறங்கி, படகு அலையில் எழும்பும் நொடிக்குக் காத்திருந்து கால் வைத்தார். "இரண்டும் ஓடிக்கிட்டே இருக்கே!" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைகளும் அரங்குகளும் சறுக்குகளும் நிறைந்த பெரிய கப்பலில் கடல் மறந்தே போய்விடும். அதனால்தான் ஒரு பால்கனியாவது எடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறேன்.

ஊர்களை ஆற அமரப் பார்க்க வேண்டும், அமைதி வேண்டும் என்பவர்களுக்குப் பெரிய கப்பல் சரிப்படாது; அவர்கள் சின்னக் கப்பலைப் பார்க்கட்டும். பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் விடுமுறைக்காலம் என்றால் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். நாலு பேர் தங்கும் கேபின்களும், நடுவில் கதவு வைத்த ஜோடிக் கேபின்களும் எண்ணிக்கையில் குறைவு, முதலில் தீர்வதும் அவைதான். உயிர்காப்புப் படகில் அந்தப் பகுதிக்கு ஒதுக்கிய இடம் நிறைந்துவிட்டால், கட்டில் காலியாக இருந்தாலும் மூன்றாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள்.