வெயிட் குறைச்சதுக்கு அப்புறம் திரும்ப ஓட ஆரம்பிச்சேன்: ஒன்றரை வருஷ அனுபவம்

முன்னாடி ரெகுலரா ஓடிட்டு இருந்தவன்தான் நான், நடுவுல வேலை, உக்காந்தே இருக்கறதுன்னு பல வருஷம் போயிடுச்சு, வெயிட்டும் 98 கிலோ வரைக்கும் போச்சு. நடை, சாப்பாட்டு அளவுன்னு மெதுவா 76க்கு கொண்டு வந்துட்டு அப்புறம்தான் ஓட்டத்தை திரும்ப கையில எடுத்தேன். குறைச்சதும் ஓடலாமா, முட்டி தாங்குமான்னு யோசிக்கறவங்களுக்கு உதவும்னு எழுதறேன். எனக்கு டாக்டர் ஓகே சொன்னதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சேன், நீங்களும் கேட்டுக்கோங்க.

முதல்ல நல்ல விஷயம். மூச்சு விஷயத்துல நம்பவே முடியாத வித்தியாசம். மாடிப்படி ஏறினாலே வாங்கின மூச்சு, இப்ப ஓடிட்டே பேசற அளவுக்கு வந்துச்சு. முட்டியும் நான் பயந்த அளவுக்கு எதுவும் பண்ணல. வெயிட் அதிகமா இருந்து முட்டி தேய்மானமும் இருக்கற வயசானவங்கள வெச்சு 2005ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல ஒரு கிலோ குறைஞ்சா நடக்கும்போது ஒவ்வொரு ஸ்டெப்புலயும் முட்டி மேல விழற பாரம் கிட்டத்தட்ட நாலு கிலோ குறையுதுன்னு கணக்கு வந்திருக்கு. அப்படின்னா 22 கிலோவுக்கு எவ்வளவுன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

ஆனா இங்கதான் ஒரு சிக்கல் இருக்கு, இத யாரும் சரியா சொல்றது இல்ல. நெஞ்சும் நுரையீரலும் சில வாரத்துலயே பழகிடும், டெண்டனும் (தசையை எலும்போட இணைக்கற நார்) எலும்பும் அப்படி இல்ல, அதுக்கு மாசக்கணக்குல ஆகும். ஓடும்போது கால் தரையில விழறப்ப உடம்பு வெயிட்டைப் போல ரெண்டு, மூணு மடங்கு விசை வருது, இத்தனை வருஷமா அந்த அடிய வாங்காத கால் அது. மூச்சு "இன்னும் ஒரு கிலோமீட்டர் போலாம்"னு சொல்லும், கெண்டைக்கால் அடுத்த நாள் காலையில படிக்கட்டுல வெச்சு பதில் சொல்லும். நான் ஒன்றரை வருஷமா பண்ணது எல்லாமே இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய சமாளிச்சதுதான்.

அதுக்கு எனக்கு கை கொடுத்தது ரன்-வாக் முறை. 1972 ஒலிம்பிக்ஸ்ல 10,000 மீட்டர் ஓடின ஜெஃப் கேலோவே பிரபலப்படுத்தினது, ஓட்டத்துக்கு நடுநடுவுல முன்கூட்டியே முடிவு பண்ணி நடக்கறது, களைச்சதுக்கு அப்புறம் இல்ல, களைக்கறதுக்கு முன்னாடியே. ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடைன்னு ஆரம்பிச்சேன். பக்கத்துல நடந்து போறவங்க என்னை தாண்டிப் போன நாளெல்லாம் உண்டு, கண்டுக்கல.

கூடவே ஓடியே பழக்கமில்லாதவங்களை 5 கிலோமீட்டர் ஓட வைக்கற கவுச் டு 5கே பிளானும் பார்த்தேன், 9 வாரம், வாரத்துக்கு மூணு நாள். நல்ல பிளான்தான், ஆனா அஞ்சாவது வாரத்தோட கடைசி நாள்ல திடீர்னு 20 நிமிஷம் நிக்காம ஓடச் சொல்லுது, அதுக்கு முந்தின நாள் வரைக்கும் எட்டு எட்டு நிமிஷமா பிரிச்சு ஓடிட்டு இருப்போம். மூச்சுக்கு அது பிரச்சனையே இல்ல, காலுக்காக நான் நாலாவது வாரத்தையும் அஞ்சாவது வாரத்தையும் திரும்ப திரும்ப பண்ணேன், 9 வாரத்து பிளான் எனக்கு கிட்டத்தட்ட டபுள் ஆச்சு. என்னைக் கேட்டா அந்த 9 வாரத்தை ஒரு தோராயமா மட்டும் எடுத்துக்கோங்க.

வாட்ச் பத்தி தனியா சொல்லணும். விஓ2 மேக்ஸ்னு ஒரு நம்பர் காட்டுது இல்லையா, அது உடம்பு வெயிட்ல ஒரு கிலோவுக்கு ஒரு நிமிஷத்துக்கு அதிகபட்சமா எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும்ங்கற கணக்கு. அதனால வெயிட் குறைஞ்சாலே, ஃபிட்னஸ்ல ஒண்ணுமே மாறலன்னாலும் அந்த நம்பர் ஏறும். அதைப் பார்த்துட்டு வேகத்தை ஏத்த வேணாம். செட்டிங்ஸ்ல புது வெயிட்டைப் போட்டுடுங்க, இல்லன்னா கலோரி கணக்கும் தப்பா வரும். ஓட்டத்துக்கு தோராயமா ஒரு கிலோ வெயிட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி, அதாவது 98ல இருந்தப்ப 5 கிலோமீட்டர் ஓடியிருந்தா 490, இப்ப 380தான். அதே தூரம், கம்மி செலவு, கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கும். 220ல வயசைக் கழிச்சு அதிகபட்ச ஹார்ட் ரேட்டைக் கண்டுபிடிக்கற கணக்கையும் நான் நம்பல, ஆளுக்கு ஆள் பத்து பன்னெண்டு துடிப்பு சாதாரணமா மாறும். முழு வாக்கியமா பேச முடியுதா, அப்ப வேகம் சரி, அவ்ளோதான்.

ஷூ: பழைய ஜோடி அலமாரியில புதுசு மாதிரியே இருந்துச்சு, ஆனா கட்டை விரலால நடுப்பகுதிய அழுத்தினா உள்ள போகவே இல்ல, ஃபோம் இறுகிப்போச்சு. ஓடாம சும்மா வெச்சிருந்தாலும் அது வயசாகும். அதோட வெயிட் குறைஞ்சதுல பாதமும் மெலிஞ்சிருக்கு, லேஸை எவ்வளவு இறுக்கினாலும் குதிகால் உள்ள வழுக்குது. புதுசு வாங்கும்போது பழைய சைஸ் ஞாபகத்துல கேக்காம காலை அளந்துட்டு வாங்குங்க. 500லேர்ந்து 800 கிலோமீட்டர்தான் ஒரு ஜோடி தாங்கும்னு சொல்வாங்க, என்னோடது அதுக்குள்ளயே சப்பையாயிடுச்சு.

யாரும் பேச கூச்சப்படற விஷயம், தோல். கொழுப்பு போன இடத்துல தோல் தொங்குது, அது ஓடும்போது குலுங்கி உரசி, குளிக்கும்போது தண்ணி பட்டா எரியும் பாருங்க, அப்பதான் எங்கெங்க உரசியிருக்குன்னே தெரியும். தொடையைப் பிடிச்ச மாதிரி இருக்கற டைட் ஷார்ட்ஸ், இடுப்பு வரைக்கும் ஏத்தி போட்டுக்கற மாதிரி, அதோட உரசற இடத்துல வாசலின். பிரச்சனை முக்கால்வாசி தீர்ந்துச்சு.

நாலஞ்சு மாசம் போனப்ப முழங்காலுக்கு கீழ, எலும்போட உள்பக்கம் நீளவாக்குல ஒரு வலி. ஷின் ஸ்பிளின்ட்ஸ்னு டாக்டர் சொன்னார், ஓட்டத்தைக் குறைச்சு, ஸ்டெப்பைச் சின்னதாக்கி, தினம் குதிகாலைத் தூக்கி இறக்கற பயிற்சி பண்ணதுல அடங்கிடுச்சு. வலி ஒரே புள்ளியில, விரல் வெச்சா துள்ளற மாதிரி இருந்தா அது எலும்புல விரிசலாக்கூட இருக்கலாம், அதோட ஓடாதீங்க, காட்டிடுங்க.

சாப்பாடு பத்தி சண்டைக்கு வருவாங்க, பரவால்ல. வெயிட் குறைக்கறப்ப இருந்த அதே கம்மி சாப்பாட்டுல தூரத்தையும் ஏத்திட்டே போகக்கூடாது. உடம்புக்கு வேண்டிய எனர்ஜி கிடைக்காம எலும்பு, ஹார்மோன், தூக்கம் எல்லாம் பாதிக்கறதுக்கு ரெட்-எஸ்னு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014ல பேர் வெச்சிருக்கு, அது பெரிய வீரர்களுக்கு மட்டும் வர்ற விஷயம் இல்ல. நான் தூரத்தை ஏத்தின மாசங்கள்ல வெயிட் குறைக்கறதை நிறுத்தி வெச்சேன். மெஷின்ல ஒரு கிலோ ஏறினப்ப பதறல, ஓட ஆரம்பிச்சா தசையில கிளைகோஜன் (உடம்பு சேமிச்சு வெக்கற சர்க்கரை) சேரும், ஒரு கிராமுக்கு மூணு கிராம் தண்ணியையும் கூட பிடிச்சு வெச்சுக்கும், அவ்ளோதான்.

இப்போ வாரத்துக்கு மூணு நாள், பெரிய ஓட்டம் 10 கிலோமீட்டர், அதுல இன்னும் நடை பிரேக் இருக்கு, எடுக்கற ஐடியாவும் இல்ல. ஹாஃப் மாரத்தான் எப்பன்னு கேக்கறவங்களுக்கு, மூச்சு ரெடி, கெண்டைக்கால் இன்னும் தேதி சொல்லல.